சுங்கை சிப்புட்டில் வீட்டு நீச்சல் குளம்: ஃபைபரா, கான்கிரீட்டா, பாதி எழுப்பியதா?

பெரியப்பா வீட்டு அண்ணனின் நீச்சல் குளம் ஒரு நவம்பர் இரவில் தரையை விட்டு மேலே எழும்பியது. ஃபைபர் குளம், போட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை. அடியில் பாசி படிந்திருக்கிறது, கழுவ வேண்டும் என்று வந்த ஆட்கள் மாலையில் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, மீதி வேலையை நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார்கள். இரவெல்லாம் மழை. விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிப் பதித்த டைல் எல்லாம் பிளந்து கிடந்தது. குழாய் மூட்டுகள் கழன்றுவிட்டன.

"காலிச் சட்டியத் தண்ணியில வெச்சா மிதக்கத்தானே செய்யும்?" என்று பெரியம்மா கேட்டார். அதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

அடுத்த வருடமே நானும் என் தம்பியும் ஆளுக்கொரு குளம் கட்ட நினைத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணீருக்குள் நடந்தால் உடல் பாரம் குறையும், மூட்டு நோகாது. பேரப்பிள்ளைகள் நீந்தக் கற்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் மூன்று கட்டை (மைல்) தூரம்தான். ஆனால் நான் எடுத்த முடிவும் அவன் எடுத்த முடிவும் வேறு வேறு. இரண்டும் சரி என்றே நம்புகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழி

குளம் விற்பவர்கள் முதலில் காட்டுவது படங்களை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மண்ணை. மலேசியாவின் மேற்குக் கரையில் மழை இரண்டு முறை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல், மே ஒரு முறை, அக்டோபர், நவம்பர் ஒரு முறை. அந்த மாதங்களில் குளம் வரப்போகும் இடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். மழைத் தண்ணீர் விழாமல் மேலே ஜிங் தகடு போட்டு மூடுங்கள். மறுநாள் காலையில் திறந்து பாருங்கள்.

தம்பி வீடு மேட்டில் இருக்கிறது. பழைய பால்மர (ரப்பர்) காடு, செம்மண். அவன் குழி காய்ந்தே கிடந்தது. என் வீடு ஓடைப் பக்கம், தோட்டத்தின் பள்ளப் பகுதி. என் குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறி நின்றது. பலத்த மழைக்குப் பிறகு புல் தரைக்கு மிக அருகே ஏறியது. மற்ற எல்லாக் கேள்விக்கும் பாதி விடை அந்தக் குழியிலேயே வந்துவிட்டது.

மேட்டு நிலத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. பால்மரத்தை வெட்டிய பின் அடிக்கட்டை மண்ணுக்குள்ளேயே மக்கும். மக்கிய இடம் பொந்தாகும், கறையான் குடியேறும். மண் தோண்டும் பேக்கோ இயந்திரம் வரும்போது கட்டையையும் பெரிய வேர்களையும் தோண்டி எடுத்துவிட்டு, நல்ல மண் போட்டு அடுக்கடுக்காக இறுக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாவிட்டால் எந்த வகைக் குளமும் ஒரு பக்கம் இறங்கும்.

ஃபைபர்

தொழிற்சாலையிலேயே முழுக் கிண்ணமாகச் செய்து, லோரியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி இறக்குவார்கள். சாலையில் வர வேண்டியதால் அகலத்துக்கு வரம்பு உண்டு. வடிவமும் அவர்கள் அச்சில் இருப்பதுதான். கிரேன் நிற்க இடம் வேண்டும், தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக்கூடாது. தாமான் (வீடமைப்புப் பகுதி) சந்துகளில் பலருக்கு இந்த ஆசை இங்கேயே முடிந்துவிடும்.

நல்ல பக்கம் பெரியது. குழி தயாரானால் கிண்ணம் ஒரே நாளில் உள்ளே போய்விடும். மழை பெய்து கான்கிரீட் கெட்டுவிடுமோ என்ற கவலை இல்லை. மேற்பரப்பு வழவழப்பு, பிள்ளைகளின் கால் சிராய்க்காது, பாசியும் எளிதில் ஒட்டாது. மண் கொஞ்சம் அசைந்தால் ஃபைபர் வளைந்து கொடுக்கும், கான்கிரீட் வெடிக்கும். வருடங்கள் போகப் போக வெயிலில் நிறம் வெளிறும். அதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை.

வேலையின் உயிர்நாடி பின்நிரப்பல்தான். கிண்ணத்தைச் சுற்றி மண்ணோ மணலோ போடும்போது, உள்ளே தண்ணீரும் அதே வேகத்தில் ஏற வேண்டும். வெளியே அதிகமானால் சுவர் உள்ளே பிதுங்கும். உள்ளே அதிகமானால் வெளியே பிதுங்கும். அவசரக்காரக் குத்தகைக்காரர் கெடுப்பது இங்கேதான். நீங்கள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள்.

முழுசாய்ப் புதைத்த கான்கிரீட்

எந்த வடிவமும் வரும். படி, உட்காரும் திண்டு, அம்மா பிடித்து நடக்கக் கைப்பிடி என்று நினைத்தபடி அமைக்கலாம். முறையாகக் கட்டினால் ஒரு தலைமுறை நிற்கும்.

பொறுமை வேண்டும். கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, குறைந்தது ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். அது முழுப் பலத்தை எட்டியதாகக் கணக்கிடுவது 28 நாளில். அதன் பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு, தண்ணீர் நிரப்பிச் சோதனை, கடைசியில் மொசைக். ஊற்றும் நாளில் மழை வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். மூன்று மாதம் என்று சொன்னால் நான்கு என்று மனதில் வையுங்கள். மொசைக் இடுக்குகளில் பாசி பிடிக்கும். வாரம் ஒரு முறை தேய்ப்பது இந்தக் குளத்தோடு சேர்ந்தே வரும் வேலை.

வினைல் விரிப்புக் குளத்தைப் பற்றியும் கேட்பார்கள். விரிப்பைப் பத்து ஆண்டு வாக்கில் மாற்றியாக வேண்டும். நிலத்தடி நீர் ஏறினால் விரிப்புக்குப் பின்னால் புகுந்து மடிப்பு மடிப்பாகத் தூக்கிவிடும். பள்ளப் பகுதிக்கு வேண்டவே வேண்டாம்.

என் கணக்கு

நான் கடைசியில் முடிவு செய்த குளம் 7 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். ஒரே சீரான ஆழம். பாயும் பலகை எங்களுக்கு வேண்டாம். அம்மாவின் நெஞ்சுக்குக் கீழே தண்ணீர் நின்றால் போதும். 29,400 லிட்டர் பிடிக்கும்.

சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், கான்கிரீட் சுமார் 11 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 2.4 டன். குளத்தின் எடை 26 டன்.

அதை முழுசாய்ப் புதைத்தால் மண்ணுக்குள் அது அடைக்கும் இடம் சுமார் 40 கன மீட்டர். நிலத்தடி நீர் தரை மட்டம் வரை ஏறினால் 40 டன் விசை மேலே தள்ளும். குளம் நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் 29 டன் தண்ணீரும் சேர்ந்து அமுக்குவதால் பயமில்லை. காலியாக இருந்தால் 26 டன்னால் 40 டன்னைத் தாங்க முடியாது. கான்கிரீட்டும் மிதக்கும். ஃபைபர் கிண்ணத்தின் எடையோ சுமார் ஒரு டன்தான். அண்ணன் வீட்டில் நடந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது அதே கான்கிரீட் குளத்தில் 60 சென்டிமீட்டரைத் தரைக்கு மேலே எழுப்புங்கள். மண்ணுக்குள் இருப்பது தரைக் கனத்தோடு சேர்த்து 80 சென்டிமீட்டர். தள்ளும் விசை 23 டன். குளத்தின் எடை 26. காலியாக இருந்தாலும் அசையாது.

இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. தோண்டுவது பாதி, அள்ளிக் கொட்ட வேண்டிய மண் பாதி, குழிக்குள் ஊறும் நீரை இறைக்கும் பம்பு வாடகையும் குறைவு. எழும்பி நிற்கும் விளிம்பை அகலப்படுத்தினால் அதுவே உட்காரும் திண்ணை. அம்மா அதில் உட்கார்ந்து, திரும்பி, காலை உள்ளே வைத்து இறங்கலாம். தரை மட்டக் குளத்தில் அவரால் அது முடியாது.

மண்ணின் தாங்குதிறன் வேறு விஷயம். இறுதி வரைபடத்தை ஓர் இன்ஜினியர்தான் போட வேண்டும். குளத்தின் அடியில் நீரழுத்தம் தணிக்கும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். வெளியே நீர் ஏறினால் அது திறந்து உள்ளே விட்டுவிடும். பக்கத்தில் ஒரு குழாயைச் செங்குத்தாகப் புதைத்தால், மூடியைத் திறந்து நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மழை மாதங்களில் எந்தக் குளத்தையும் காலி செய்யாதீர்கள்.

தம்பி ஃபைபர் போட்டான். "அக்கா, எங்க குழி காஞ்சு கிடக்கு, கிரேனும் வாசல் வரைக்கும் வருது, நான் ஏன் நாலு மாசம் காத்திருக்கணும்?" என்று கேட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வால்வும் குழாயும் மட்டும் அவனையும் வைக்கச் சொன்னேன்; வைத்தான்.

அஞ்சடி

குளத்தைவிட அதிக நேரம் நீங்கள் இருக்கப்போவது அதைச் சுற்றியுள்ள நடைதளமான அஞ்சடியில். பலர் காசு தீர்ந்த பிறகு மிச்சத்தில் இதைக் கட்டுகிறார்கள். நான் குளத்தின் நீளத்தில் ஒரு மீட்டரைக் குறைத்து இதற்குக் கொடுத்தேன்.

சிறு கற்கள் மேலே தெரியும்படி சிமெண்டைக் கழுவி எடுக்கும் பெபிள் வாஷ் தரை நம் ஊரில் எல்லா வேலையாட்களுக்கும் தெரிந்தது, நனைந்தாலும் கால் வழுக்காது. ஆனால் நிழலில் கற்களின் இடுக்கில் பாசி படியும், அம்மாவின் பாதத்துக்கு உறுத்தும். சொரசொரப்பான வெளித்தரை டைல் தேய்த்துக் கழுவச் சுலபம். நான் எடுத்தது அதுதான், வெளிர் நிறத்தில். கறுப்பு டைல் மத்தியான வெயிலில் காலைச் சுட்டுவிடும். மரம் வேண்டுமென்றால் செங்கால் (cengal) என்ற கடின மரம் கறையானுக்கும் மழைக்கும் நிற்கும், விலையும் அப்படியே. ரப்பர் மரப் பலகையைச் சிலர் மலிவு என்று சொல்வார்கள். எங்கள் அப்பா பால் வெட்டிய மரம் அது. வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு அருமையானது, வெளியே மழையில் போட்டால் பூஞ்சையும் கறையானும் சீக்கிரமே தின்றுவிடும்.

எதைப் பதித்தாலும் மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சாய்வு, குளத்தை விட்டு வெளியே போகும்படி இருக்க வேண்டும். கூரைத் தண்ணீரும் குளத்துக்குள் விழக்கூடாது. 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் என் குளத்தின் மேல் மட்டும் 1,200 லிட்டர் விழும். அதோடு கூரையும் தரையும் சேர்ந்தால் மறுநாள் குளத்துக்குப் போடும் குளோரின் மருந்துக் கணக்கெல்லாம் தப்பிவிடும்.

உப்பா, குளோரினா

உப்புக் குளத்தில் குளோரின் இல்லை என்று விற்பார்கள். இருக்கிறது. கருவி உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத்தான் உண்டாக்குகிறது. ஒரு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு. என் குளத்துக்கு முதல் தடவை சுமார் 100 கிலோ. தினமும் மருந்து போடும் வேலை குறையும், கண்ணுக்கும் இதம். ஆனால் நம் மழையில் நீர் வழிந்து ஓடும்போதெல்லாம் உப்பும் போகும். மறுபடி அளந்து போட வேண்டும். கைப்பிடிக் கம்பி துருப்பிடிக்கும்.

நான் சாதாரணக் குளோரினோடு நின்றுகொண்டேன். மில்லியனுக்கு 1 முதல் 3 பங்கு குளோரின், பி.எச். (அமில, கார அளவு) 7.2 முதல் 7.6. வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும் என்பதால், அதைக் காக்கச் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பங்கு. வீட்டில் ஒருவர் வாரம் இரண்டு முறை சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லையென்றால் குளமே கட்டாதீர்கள். பராமரிக்காத குளத்தில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கி நம் வாசலுக்கு வரும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுவுக்கு இடம் கொடுப்பது குற்றமும்கூட.

பம்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு குதிரைத்திறன் பம்பு ஒரு நாளில் 6 மணி நேரம் ஓடினால் 4.5 யூனிட், மாதம் 135 யூனிட். வேகம் மாற்றும் பம்பை அரை வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான் செலவாகும். இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தம் கால்வாசி. விளக்கு 12 வோல்ட்டில் இருக்கட்டும்.

கடுதாசியும் கதவும்

மண்ணைத் தொடும் முன் ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். எங்களுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவுப்படி வரைபடம் ஒப்புதல் பெற வேண்டும். பழைய வீடுகளில் கழிவுத் தொட்டி எந்த மூலையில் புதைந்திருக்கிறது என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக வேலி. என் குளத்தின் 60 சென்டிமீட்டர் சுவரே வேலி ஆகாது. மூன்று வயதுப் பிள்ளை அதில் ஏறிவிடும். தனியாக 1.2 மீட்டர் வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள். அடியில் நீர் உறிஞ்சும் வாய் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றே இருந்தால் பிள்ளையின் தலைமுடியோ உடம்போ அதில் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் நீந்தக் கற்றது பிளஸ் ஆற்றிலும் ஈயக்குட்டையிலும். யாரும் காவலுக்கு நின்றதில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது வாசலில் நின்று எங்கள் தலைகளை எண்ணுவார். வேலிக்கு விலைப்பட்டியல் வந்த அன்று, இதைக் குறைக்கலாமா என்று குத்தகைக்காரர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அம்மா சொன்னார்: "தம்பி, திண்ணை டைலைக் குறைச்சுக்குங்க. கதவு நாளைக்கே வரணும்." தண்ணீர் நிரப்பும் முன்பே கதவு வந்து பூட்டியாயிற்று.