தண்டர்பேர்டில் மெயில் தேடுவது: பழகிய பின் தெரியும் நிறைகுறைகள்

கணினியில் மெயில் படிக்க உதவும் மென்பொருளான தண்டர்பேர்டில் தேடுவதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. மேலே நடுவில் உள்ள பெட்டி (கன்ட்ரோல்+கே), மெயில் பட்டியலின் தலைமாட்டில் விரியும் விரைவு வடிகட்டிப் பட்டை (கன்ட்ரோல்+ஷிஃப்ட்+கே), தனி ஜன்னலாகத் திறக்கும் மெசேஜ் தேடல் (கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்). மூன்றும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு விதமாகத் தேடுகின்றன. எந்தப் பெட்டியும் அதை வாய்திறந்து சொல்வதில்லை. "தண்டர்பேர்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காது" என்று புதியவர்கள் சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தேடும் திறன் அதற்கு நிறையவே உண்டு. எதைத் தேடியது, எதைத் தேடாமல் விட்டது என்று சொல்வதில்தான் கஞ்சத்தனம்.

மூன்றில் உருப்படியானது விரைவு வடிகட்டி. 2010-இல் 3.1 பதிப்போடு வந்தது. அடிப்படை இன்றும் அதேதான். படிக்காதவை, நட்சத்திரமிட்டவை, முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்கள் அனுப்பியவை, டேக் போட்டவை, இணைப்பு உள்ளவை என்று ஐந்து பட்டன்கள். அழுத்தினால் அமுங்கியே நிற்கும். எது செயலில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். சொல்லைத் தட்டத் தொடங்கியதும் இரண்டாம் வரிசை விரிகிறது: அனுப்பியவர், பெறுபவர், பொருள், உள்ளடக்கம். தேவைப்படும் நேரத்தில் மட்டும் தலைகாட்டுவதால் பட்டை நெரிசலாகத் தெரியாது. எத்தனை மெயில்கள் தேறின என்ற எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். எஸ்கேப்பைத் தட்டத் தட்டப் போட்ட வடிகட்டிகள் விலகி, கடைசியில் பட்டையும் மூடிக்கொள்ளும். ஒன்றும் தேறாவிட்டால், எல்லா ஃபோல்டரிலும் தேடட்டுமா, இன்னொரு முறை என்டர் தட்டுங்கள் என்று கேட்கிறது. முட்டுச்சந்தில் நிற்பவருக்கு வழி காட்டும் நல்ல ஏற்பாடு.

இரண்டு சொல் தட்டினால் இரண்டும் இருக்கும் மெயில்களே வரும். சொற்றொடராக வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இது அல்லது அது என்றால் நடுவில் செங்குத்துக் கோடு. இவையெல்லாம் திரையில் எங்கும் எழுதப்படவில்லை என்பது வேறு கதை.

இந்தப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் குண்டூசிதான் வில்லங்கம். அதை அழுத்தினால் ஃபோல்டர் மாறினாலும் வடிகட்டி ஒட்டிக்கொண்டே வரும். பல ஃபோல்டர்களில் படிக்காதவற்றை மட்டும் வரிசையாகப் பார்க்க இது அருமை. தெரியாமல் அழுத்திவிட்டால், காலையில் படித்த மெயில் மாலையில் "காணாமல்" போய்விடும். குண்டூசியோடு ஒரு வடிகட்டியும் செயலில் இருக்கும்போது "இவ்வளவு மெயில்கள் மறைக்கப்பட்டுள்ளன" என்று பட்டியலின் மேல் ஒரு வரி இருந்தால் குழப்பம் வராது. இருப்பதோ தேறியவற்றின் கணக்கு மட்டும். மறைந்தவற்றின் கணக்குதான் பதறுபவருக்கு வேண்டும். பார்வை மெனுவிலும் "படிக்காதவை மட்டும்" என்று தனியாக ஒன்று உண்டு. அது செயலில் இருப்பதை அறிய மெனுவைத் திறந்தால்தான் முடியும். மெயில் தொலைந்ததாகத் தோன்றினால் முதலில் எஸ்கேப், அடுத்து பார்வை மெனு. சர்வரைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

அடுத்த பொறி "உள்ளடக்கம்" பட்டன். ஐமேப் கணக்கில் (மெயில்கள் சர்வரிலேயே இருக்கும் வகை), கணினியில் இறங்கியிருக்கும் மெயில்களின் உள்ளடக்கத்தில் மட்டுமே அது தேடும். கணக்கு அமைப்புகளில் "ஒத்திசைவும் சேமிப்பும்" பகுதிக்குப் போய், எல்லா ஃபோல்டர்களின் மெயில்களையும் இந்தக் கணினியில் வைத்திரு என்பதை இயக்க வேண்டும். அதே பக்கத்தில் சமீப நாட்கள் மட்டும், இத்தனை கேபிக்கு மேல் இறக்காதே என்ற கட்டுப்பாடுகளும் உண்டு. வட்டில் இடம் மிச்சம் பிடிக்க அவற்றைப் போட்டவர், 3 வருடம் முந்தைய மெயிலின் உள்ளே இருந்த ஒரு சொல்லைத் தேடினால் வெறும் பட்டியல்தான் வரும். அங்கே "இல்லை" என்பதற்குப் பொருள் "பார்க்கவில்லை". இணைப்பு பட்டனிலும் இதே சங்கதி: முழு மெயிலும் இறங்கும் வரை இணைப்பு உண்டா என்பது தலைப்புத் தகவலை வைத்துச் செய்யும் ஊகம்.

மேலே உள்ள பெரிய பெட்டி 2009-இன் 3.0 பதிப்பில் வந்த உலகளாவிய தேடல். ஃபோல்டர்களை நேரடியாகத் துழாவாது; முன்பே கட்டிவைத்த இன்டெக்ஸை, அதாவது சொல் அட்டவணையை, பார்த்துப் பதில் சொல்லும். விடை தனி டேபில் வரும். இடப்பக்கம் ஆள், ஃபோல்டர், கணக்கு என்று வடிகட்டும் வகைகள். ஒரு பெயரைக் கிளிக் செய்தால் "இது இருக்க வேண்டும்", "இது கூடாது" என இரண்டு தேர்வும் கிடைக்கும். அந்த "கூடாது" பல வெப்மெயில்களில் கழித்தல் குறி தட்டத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைப்பது. ஆனால் விடைகள் பத்திரிகைத் துணுக்குகள் மாதிரி வருவதால் கண்ணை ஓட்டுவது சிரமம். "பட்டியலாகத் திற" என்பதை அழுத்திவிட்டு, அந்தப் பட்டியலின் மேல் விரைவு வடிகட்டியைப் போடுவதே வேகமான வழி.

இன்டெக்ஸ் பழுதானால், இருக்கிற மெயிலும் விடையில் வராது. தண்டர்பேர்டை மூடி, புரொஃபைல் ஃபோல்டரில் (உங்கள் மெயில்களும் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டர்) "global-messages-db.sqlite" என்ற கோப்பை மட்டும் அழித்துவிட்டுத் திறந்தால் அது மறுபடி கட்டிக்கொள்ளும். மெயில்களுக்கு ஆபத்தில்லை. எவ்வளவு முடிந்தது என்பதைக் கருவிகள் மெனுவின் ஆக்டிவிட்டி மேனேஜரில் பார்க்கலாம். மெயில்கள் நிறைய இருந்தால் இரவில் ஓடவிடுங்கள்.

மூன்றாவது, தனி ஜன்னல். தோற்றம் பழையது, வேலையில் சுத்தம். எந்த ஃபோல்டர், துணை ஃபோல்டர்களும் சேர்த்தா, சர்வரிலேயே தேடவா என எல்லைகளை வெளிப்படையாகக் கேட்பது இது ஒன்றுதான். நிபந்தனைகளை "எல்லாம்" அல்லது "ஏதாவது ஒன்று" என்றே சேர்க்க முடியும். இரண்டையும் கலக்க வழியில்லை. முடிவைத் தேடல் ஃபோல்டராகச் சேமித்தால் அது தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் பிறகு நீங்கள் உருவாக்கும் புது ஃபோல்டர்களை அது தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். ஃபோல்டரின் பண்புகளில் போய் டிக் செய்யுங்கள். ஜிமெயிலில் தேடல் பெட்டியில் போட்ட நிபந்தனைகளையே அப்படியே வடிகட்டி விதியாக மாற்றலாம். இங்கே வருகிற மெயில்களைப் பிரிக்கும் விதிகளுக்குத் தனி ஜன்னல். அதே நிபந்தனைகளை அங்கே மறுபடி தட்ட வேண்டும்.

தமிழ் மெயில்களுக்கு விரைவு வடிகட்டியே பொருத்தம். உலகளாவிய தேடலின் இன்டெக்ஸ், ஆங்கிலச் சொற்களின் விகுதியை வெட்டி ஒப்பிடும் போர்ட்டர் முறையில் கட்டப்பட்டது. தமிழ் வேற்றுமை உருபுகள் அதற்குத் தெரியாது. வடிகட்டியோ சொல்லின் துண்டு எங்கே இருந்தாலும் பிடிக்கும். "விண்ணப்பம்" என்று தட்டினால் "விண்ணப்பத்தை", "விண்ணப்பங்கள்" இரண்டும் தப்பிவிடும். "விண்ணப்ப" என்று நிறுத்தினால் மூன்றும் சிக்கும். ஒகர உயிர்மெய் வரும் சொல் கிடைக்காவிட்டால், அந்த எழுத்தை விட்டுவிட்டு மீதியைத் தட்டிப் பாருங்கள். யூனிகோடில் அந்தக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம்; திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்து முறைகளான டிஸ்கியிலும் பாமினியிலும் எழுதப்பட்ட பழைய மெயில்களோ யூனிகோடில் தட்டும் எந்தச் சொல்லுக்கும் அகப்படாது. அவற்றை அனுப்பியவரையும் தேதியையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.