மூன்று புத்தாண்டுகளும் ஒரு பள்ளிப் பையும்: சிங்கப்பூருக்கு வருபவர்கள் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது?

சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு மூன்று தடவை பிறக்கிறது. உள்ளூர் அரசாங்கப் பள்ளிகளுக்கு ஜனவரியில். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தை நடத்தும் இந்திய அனைத்துலகப் பள்ளிகளுக்கு ஏப்ரலில். பிரிட்டிஷ், அமெரிக்க, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட் என்ற அனைத்துலகப் பாடத்திட்டம்) பள்ளிகளுக்கு ஆகஸ்டில். கம்பெனியோ தனக்குத் தோன்றிய மாதத்தில் வேலைக்கான கடிதத்தை அனுப்பும். எங்களுக்கு ஜூனில் வந்தது. கோயம்புத்தூரில் மகள் மூன்றாம் வகுப்புக்குப் புத்தகம் அட்டை போட்டு முடித்திருந்தாள். மகனுக்கு நாலு வயது.

அந்த ஜூனிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இந்திய அனைத்துலகப் பள்ளி, உள்ளூர்ப் பள்ளி இரண்டிலும் படித்துப் பார்த்துவிட்டாள், இன்னொருவன் உள்ளூர்ப் பள்ளியில் மட்டும். அதனால் ஊரிலிருந்து யார் புறப்பட்டாலும் எனக்கு ஒரு அழைப்பு வரும். "ஏனுங்க, எந்த ஸ்கூலுங்க நல்லது?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று: பிள்ளை எந்த வருஷம் பிறந்தது, எத்தனை வருஷம் இங்கே இருப்பீர்கள், பிளஸ் டூ முடித்து எந்த ஊர்க் கல்லூரிக்குப் போக வேண்டும்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் பள்ளிகளின் பட்டியலைப் பார்ப்பது, ஊர் தெரியாமல் பஸ் ஏறுவது போல.

உள்ளூர்ப் பள்ளி: கதவு குறுகல்

முதலில் எல்லோரும் ஆசைப்படுவது இதைத்தான். ஆசைப்படக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு பிசா என்ற அனைத்துலக மாணவர் தேர்வில் கணிதம், அறிவியல், வாசிப்பு மூன்றிலும் சிங்கப்பூர்தான் முதலிடம். பெயர் பெற்ற பள்ளிக்கும் பெயர் தெரியாத பள்ளிக்கும் பாடத்திட்டமும் ஆசிரியர் தரமும் பெரிதாக மாறுவதில்லை.

ஆனால் வெளிநாட்டவருக்கு வரிசையில் கடைசி இடம். தொடக்கநிலை 1க்கான, அதாவது ஒன்றாம் வகுப்புக்கான, பதிவு பல கட்டங்களாக நடக்கும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சும் இடங்களுக்குத்தான் மூன்றாம் கட்டத்தில் நம் பிள்ளைகள். மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ விருப்பம் தெரிவிக்கச் சில நாள்களே அவகாசம். அதைத் தவறவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். பிறகு ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு ஒன்றே வழி. தொடக்கநிலை 2 முதல் 5 வரைக்கும் உயர்நிலை 1 முதல் 3 வரைக்கும் அந்தத் தேர்வு உண்டு. தொடக்கநிலை 6க்குக் கிடையாது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் எழுதினால் ஜனவரியில் இடம். தேறாவிட்டால் அடுத்த ஆண்டு முற்பகுதியில் சில வகுப்புகளுக்கு மட்டும் இன்னொரு சுற்று. தேறினாலும் பள்ளியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே கல்வி அமைச்சு அனுப்பும்.

வகுப்புக் கணக்கும் நம்மவர்களைச் சங்கடப்படுத்தும். இங்கே ஏழு வயது நிறையும் ஆண்டில்தான் தொடக்கநிலை 1. தமிழ்நாட்டில் ஐந்து முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் போட்டுவிடுகிறோம். ஆகவே ஊரில் மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகள் வயதுப்படி இங்கே தொடக்கநிலை 2. "ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்று என் மாமியார் ஒரு மாதம் புலம்பினார். எட்டு வயதில் ஒரு வருஷம் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்பது என் எண்ணம். ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

முதல் தடவை மகள் தேறவில்லை. ஆங்கிலம் தப்பித்தது, கணக்கு கவிழ்த்தது. அவள் வாய்ப்பாட்டில் புலி. ஆனால் இங்கே கேட்கும் கணக்கு வேறு மாதிரி. ராஜுவிடம் மீனாவைப் போல் மூன்று மடங்கு ஸ்டிக்கர் இருக்கிறது; 24 ஸ்டிக்கரை மீனாவுக்குக் கொடுத்ததும் இருவரிடமும் சமம்; மொத்தம் எத்தனை? நான் பேனாவை எடுத்ததும் எக்ஸ் என்று போட்டேன். இங்குள்ள பிள்ளைகள் எக்ஸ் போடுவதில்லை, நீளப் பெட்டிகள் வரைகிறார்கள். ராஜுவுக்கு மூன்று பெட்டி, மீனாவுக்கு ஒன்று. ஒரு பெட்டி இடம் மாறினால் ஆளுக்கு இரண்டு. ஆக ஒரு பெட்டி 24, நான்கு பெட்டி 96. பார்த்தால் சுலபம். அந்தக் கண் வருவதற்கு மகளுக்கு ஒரு வருஷம் பிடித்தது, எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

செலவு? 2024இல் ஆசியான் அல்லாத நாட்டவருக்குத் தொடக்கநிலைக் கட்டணம் மாதம் 888 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆண்டுதோறும் ஏறுகிறது. உயர்நிலைக்குப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு. நிரந்தரவாசிகள் தொடக்கநிலையில் கட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, குடிமக்களுக்குக் கட்டணமே இல்லை. "அரசாங்கப் பள்ளிதானே, இலவசம்தானே" என்று வருபவர்கள் இந்த இடத்தில்தான் தண்ணீர் கேட்பார்கள்.

இதற்கு மேல் துணைப்பாட வகுப்பு, அதாவது டியூஷன். தொடக்கநிலை 1, 2இல் 2019 முதல் தேர்வே இல்லை. அரையாண்டுத் தேர்வுகளையும் எல்லா நிலைகளிலும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஆறாம் ஆண்டு முடிவில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கநிலை இறுதித் தேர்வு இருக்கிறதே. நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 8 வரை தரநிலை. கூட்டினால் 4 வருவது ஆகச் சிறந்தது. மார்க் குறையக் குறையக் கொண்டாடும் தேர்வு என்று என் அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. உயர்நிலையில் பழைய பிரிவுகளை நீக்கி 2024 முதல் ஜி1, ஜி2, ஜி3 என்று பாடவாரியாகப் பிரிக்கிறார்கள். 2027இல் உயர்நிலை முடிவில் எழுதும் 'ஓ' (O), 'என்' (N) நிலைத் தேர்வுகளுக்குப் பதில் ஒரே சான்றிதழ் வருகிறது. இந்த மாற்றமெல்லாம் அழுத்தத்தைக் குறைக்கத்தான். எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியில் சனிக்கிழமை காலை ஏறினால், ஒரு பிள்ளையாவது துணைப்பாடப் பையோடு நிற்கிறது.

தமிழுக்கு எது நல்லது?

கோவையில் சிபிஎஸ்இ பள்ளியில் படித்தபோது மகளுக்குத் தமிழ் என்றால் மனப்பாடச் செய்யுளும் கேள்வி-பதிலும்தான். தமிழை முறையாகக் கற்றது சிங்கப்பூர் அரசாங்கப் பள்ளியில். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தாய்மொழிப் பாட வேளையில் தமிழ்ப் பிள்ளைகள் தனி அறைக்குப் போகிறார்கள். எண்ணிக்கை குறைந்த பள்ளியாக இருந்தால் அருகிலுள்ள தமிழ் கற்பிக்கும் நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். எழுத்துத் தமிழில் பேசினால் ஆசிரியர் திருத்துகிறார்: "வீட்ல எப்படிப் பேசுவ? அப்படிப் பேசு, ஆனா திருத்தமாப் பேசு." ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா, வளர்தமிழ் இயக்கம் ஒருங்கிணைக்கும் நிகழ்ச்சிகளில் ஏதாவது ஒன்றுக்கு வாரம் தவறாமல் போக வேண்டியிருக்கும். மகள் பாட்டியிடம் தொலைபேசியில் "மின்தூக்கி பழுது, படியில ஏறி வந்தோம்" என்றாள். பாட்டிக்கு லிப்ட் என்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இந்திய அனைத்துலகப் பள்ளியில் எங்கள் அனுபவம் தலைகீழ். சேர்க்கும்போது தமிழ் உண்டு என்றார்கள். பணம் கட்டிய பிறகு, இந்த ஆண்டு அந்த வகுப்பில் எண்ணிக்கை போதவில்லை, இந்தி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லாப் பள்ளியும் அப்படியல்ல; பிள்ளைகள் போதுமான அளவு சேர்ந்து தமிழ் நன்றாக நடக்கும் வளாகங்களும் உண்டு. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'தமிழ் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'என் பிள்ளை சேரும் வகுப்பில் இந்த ஆண்டு எத்தனை பேர் தமிழ் எடுத்திருக்கிறார்கள்' என்று கேளுங்கள். இது வெறும் பாசப் பிரச்சினை அல்ல. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டத்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடமாகிவிட்டது. நான்கு வருஷம் இந்தி படித்துவிட்டு எட்டாம் வகுப்பில் கோவைக்குத் திரும்பும் பிள்ளைக்கு அது பெரிய மேடு.

இந்திய அனைத்துலகப் பள்ளி: திரும்பும் பயணச்சீட்டு

குறை சொல்லிவிட்டேன், நன்றியும் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பள்ளியில் இடம் இல்லாத பிள்ளையை ஜூலையில், ஆண்டு நடுவில், சின்ன மதிப்பீட்டோடு ஏற்றுக்கொண்டது அந்தப் பள்ளிதான். ஜிஐஐஎஸ், டிபிஎஸ், என்பிஎஸ், யுவபாரதி என்று ஏழெட்டுப் பெயர்கள் காதில் விழும். பாடத்திட்டம் ஊரில் விட்ட இடத்திலிருந்து தொடரும். மகள் முதல் வாரத்திலேயே வகுப்பில் கையைத் தூக்கினாள். புது நாட்டில் ஒரு பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.

கட்டணம் பள்ளியையும் வகுப்பையும் பொறுத்துத் தோராயமாக ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 வெள்ளி. விளம்பரத்தில் தெரிவது வேறு, கட்டுவது வேறு. விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், பஸ், சீருடை, கையடக்கக் கணினி, எல்லாவற்றுக்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மகளுக்காக முதலில் இன்னொரு பள்ளியில் அவசரப்பட்டுச் சேர்க்கைக் கட்டணம் கட்டியிருந்தோம். மனம் மாறிக் கேட்டபோது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைக் காட்டினார்கள். கோவையில் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்.

இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவர்கள், குறிப்பாகப் பிள்ளை ஏழாம் வகுப்புக்கு மேல் இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் இங்கே சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து. நீட், ஜேஇஇ இரண்டும் சிபிஎஸ்இ பாடத்தை ஒட்டியவை. பதினொன்று, பன்னிரண்டை வெளிநாட்டில் படித்தால் என்ஐடிகளில் டாசா என்ற தனி வழியும் உண்டு. ஜேஇஇ மெயின் தரவரிசை வேண்டும், கட்டணமும் கூடுதல். மருத்துவக் கனவு இருப்பவர்கள் இருப்பிடச் சான்று விஷயத்தை முன்பே விசாரித்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே படித்த பிள்ளைக்கு மாநில ஒதுக்கீட்டில் காகிதங்கள் கூடுதலாகக் கேட்பார்கள்.

ஐபி, பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகள்

இதைச் சீக்கிரம் முடிக்கிறேன், ஏனென்றால் முடிவு பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை, கம்பெனியின் கையில் இருக்கிறது. டோவரிலும் தெம்பனிசிலும் வளாகங்கள் உள்ள யுடபிள்யுசி, 1925இல் தொடங்கிய டாங்லின் டிரஸ்ட், உட்லண்ட்ஸில் இருக்கும் அமெரிக்கப் பள்ளி ஆகியவை உலகத் தரமானவைதான். மூத்த வகுப்புகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 40,000 வெள்ளியைச் சாதாரணமாகத் தாண்டும். கம்பெனி கட்டினாலும் அது உங்கள் வருமானமாகக் கணக்காகி வரி வரும். இதைச் சம்பளப் பேச்சுவார்த்தையின்போதே கேட்பவர்கள் குறைவு.

லண்டன், மெல்பர்ன், டொரோண்டோ என்று நாடு நாடாக மாறும் வேலை என்றால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. 45 புள்ளிக்குக் கணக்கிடும் ஐபி டிப்ளோமாவை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஏற்கும். ஆனால் அண்ணா பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோதான் குறிக்கோள் என்றால், கட்டுரையும் ஆய்வறிக்கையும் எழுதிப் பழகிய பிள்ளையைக் கடைசி இரண்டு ஆண்டில் நீட் பயிற்சிக்குள் தள்ள வேண்டியிருக்கும். தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தான். முடித்தான். இன்னொரு தடவை கேட்டால் செய்ய மாட்டேன் என்கிறான்.

ஆண் பிள்ளை இருந்தால்

பள்ளியைப் பற்றிய பேச்சில் இதை யாரும் முதலில் எடுப்பதில்லை. உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளை ஊன்றியதும் அடுத்த யோசனை நிரந்தரவாசம். கட்டணம் குறையும், வரிசையில் முன்னேறலாம். ஆனால் பெற்றோரின் தயவில் நிரந்தரவாசியாகும் மகன் தேசிய சேவை (ராணுவம், காவல் போன்றவற்றில் கட்டாயப் பணி) செய்ய வேண்டும். பதினாறரை வயதில் பதிவு, பின்பு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால், பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். நான் அதற்கு எதிரி அல்ல. என் மகன் செய்தால் பெருமைதான். ஆனால் ஆறு வயதுப் பையனின் பள்ளிக் கட்டணத்தை மிச்சப்படுத்த எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் அவன் தலையில் விடியும் என்பது விண்ணப்பம் போடும் இரவில் நினைவில் இருக்க வேண்டும். நாங்கள் இன்னும் போடவில்லை. மகனுக்குத் தொடக்கநிலை 1இல் மூன்றாம் கட்டத்தில் இடம் கிடைத்தது. வெளிநாட்டவர் கட்டணமே கட்டி வருகிறோம்.

மகள் இரண்டாம் முயற்சியில் தேறித் தொடக்கநிலை 4இல் சேர்ந்தாள். ஒதுக்கிய பள்ளி பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம். இரண்டு பள்ளிகளில் எது பிடித்தது என்று கேட்டால், இந்தியப் பள்ளியில் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுக்க விட்டார்கள் என்கிறாள்.

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி அழைத்தார்கள். மகனுக்கு அடுத்த ஆண்டு ஏழு வயது; கணவர் இந்தப் பிப்ரவரியில் வருகிறார், குடும்பம் பின்னால் வருமாம். குறைந்தது ஆறு வருஷம் இருக்கும் எண்ணம். மே இறுதியில் உள்ளூர்ப் பள்ளிக்கு விருப்பம் தெரிவியுங்கள் என்றேன். அதே நேரத்தில் ஓர் இந்தியப் பள்ளிக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் கட்டி வையுங்கள். சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டச் சொல்லி எத்தனை தடவை மின்னஞ்சல் வந்தாலும் கல்வி அமைச்சின் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அதுவரை பையனுக்குப் பெட்டி வரையச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். "எந்தப் பெட்டிங்க?" என்றார் அவர். ராஜு, மீனா கணக்கிலிருந்து ஆரம்பித்தேன்.