உப்பு நிலத்துக்கு எது: சூடோமோனாஸா, பிபிஎஃப்எம்மா?

உப்பு, வறட்சி இரண்டையும் பயிர் தாங்கும் என்று சொல்லிக் கடையில் சூடோமோனாஸ், பிபிஎஃப்எம் என்ற பாக்டீரியாக்களில் ஒன்றின் பாட்டிலை நீட்டினால், நம் வயலில் பிரச்சினை உப்பா, தண்ணீரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அசோஸ்பைரில்லத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது வேரை நன்றாக ஓட விடும்தான், ஆனால் வாங்குவது தழைச்சத்துக்காக, அதனால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

உப்புக்கு என் ஓட்டு சூடோமோனாஸுக்கு. வேர் உப்பில் மாட்டிக்கொண்டால் செடி ஏசிசி என்ற பொருளை உண்டாக்கி அதிலிருந்து எத்திலீன் என்ற வாயுவைத் தயாரிக்கும், எத்திலீன் ஏறினால் வேர் நின்றுபோகும், இலை பழுத்து உதிரும். அதாவது உப்பு கொல்வதற்கு முன்பே செடி தானாகக் கடையைச் சாத்தத் தொடங்கிவிடுகிறது. சில பாக்டீரியாக்கள் வேரை ஒட்டி வாழ்ந்து அந்த ஏசிசியைச் சிதைத்துத் தின்றுவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் நிலக்கடலையில் டிடிகே1 என்ற சூடோமோனாஸை வைத்து இதைக் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், எல்லா சூடோமோனாஸுக்கும் இந்த வேலை தெரியாது. கடைப் பாக்கெட் பெரும்பாலும் வாடல், குலைநோய்க்காக விற்கப்படுவது, ஏசிசி பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

வறட்சிக்கு என் ஓட்டு பிபிஎஃப்எம்முக்கு. இந்த இளஞ்சிவப்பு பாக்டீரியா இலையில் வாழ்வது, இலைத்துளையில் கசியும் மெத்தனால்தான் அதற்குச் சாப்பாடு. மெத்தனால் கலந்த ஆய்வகத் தட்டில் ஓர் இலையை அழுத்தி எடுத்தால், சில நாளில் இலையின் அச்சு அப்படியே இளஞ்சிவப்புப் புள்ளிகளாக எழுந்து நிற்கும்! பதிலுக்கு அது சைட்டோகைனின் போன்ற ஊக்கிகளைத் தருவதால் இலை சீக்கிரம் முதிர்வதில்லை. இதன் பெரிய வசதி, பயிர் நிற்கும்போதே கொடுக்கலாம்: பூக்கும் சமயத்தில் மழை ஏமாற்றினால் 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி, காலையிலோ மாலையிலோ தெளிப்பு. சூடோமோனாஸ் அப்படியில்லை, விதைக்கும்போதே கிலோவுக்கு 10 கிராம் கலந்து வேரோடு சேர்த்துவிட்டால்தான் முழுப் பலன். எதையும் பூஞ்சாணக்கொல்லியோடு ஒரே டேங்கில் கலந்துவிடாதீர்கள், காசு வீண்.

சரி, ஆனால் இரண்டுமே மண்ணிலுள்ள உப்பைக் குறைக்காது. பிஎச் 8.5க்கு மேல் போன, சோடியம் மிகுந்த களர் நிலம் என்றால் ஜிப்சம், தக்கைப்பூண்டு, நெல்லுக்கு டிஆர்ஒய் 3 மாதிரி தாங்கும் ரகம். இவையெல்லாம் முடிந்து மிச்சக் காசில்தான் பாக்கெட். கரையும் உப்பு மட்டும் மிகுந்த வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் வேலைக்கு ஆகாது, நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தால்தான் உப்பு இறங்கும். வடிகால் வெட்டும் கூலியோடு பார்த்தால் சூடோமோனாஸ் செலவு பெரிதில்லை, அங்கே வடிகால், சூடோமோனாஸ் இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.