டிங்கரிங் பட்டறைக்குக் காற்றுச் சாண்டரும் கிரைண்டரும்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

வேலூரில் டிங்கரிங், பெயின்டிங் வேலை செய்யும் சிறு பட்டறைகளில் பெயின்ட் அடிப்பதற்கென்று ஒரு கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கும். அதிலேயே ஒரு சாண்டரையும் (உப்புத்தாளை மாட்டித் தேய்க்கும் கருவி) கிரைண்டரையும் மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் பலரும் காற்றுக் கருவிகளை விலை கேட்கத் தொடங்குகிறார்கள். எங்கள் பட்டறையில் மலிவு விலை டிஏ சாண்டர் (டூயல் ஆக்‌ஷன்: சுழன்றபடியே சிறு வட்டமாகவும் அசையும் வகை), நடுத்தர விலை டிஏ சாண்டர், சிறிய ஆங்கிள் கிரைண்டர், நீளமான ஏர் ஃபைல் (முன்னும் பின்னும் ஓடித் தேய்க்கும் நீண்ட சாண்டர்) ஆகிய நான்கையும் பயன்படுத்திப் பார்த்ததில், கருவியின் தரத்தை விடக் கம்ப்ரஸரின் திறனே வேலையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது தெளிவாகியிருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கருவியின் பெட்டியில் '4 சிஎஃப்எம்' (நிமிடத்துக்கு 4 கன அடி காற்று) என்று அச்சிட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு நிமிடத்தில் கால் பங்கு நேரம் மட்டுமே கருவி ஓடும் என்று வைத்துக்கொண்டு போடப்படும் சராசரிக் கணக்கு அது. போல்ட் கழற்றும் கருவிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். பட்டி (தகட்டின் பள்ளங்களை நிரப்பும் பூச்சு) தேய்க்கிறவர் விசையிலிருந்து விரலை எடுப்பதே அரிது என்பதால், 6 அங்குல டிஏ சாண்டருக்கு 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 12 கன அடியோ அதற்கு மேலோ காற்று வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஸர் ஒரு குதிரைத்திறனுக்கு 3 முதல் 4 கன அடி வரைதான் உண்மையாகக் கொடுக்கும். விளம்பரத்தில் காணப்படும் பெரிய எண் பெரும்பாலும் சிலிண்டரின் கொள்ளளவுக் கணக்கே தவிர, குழாய் முனையில் கிடைக்கும் காற்று அல்ல.

100 லிட்டர் தொட்டியுடன் கூடிய 2 குதிரைத்திறன் கம்ப்ரஸரில் இந்தச் சாண்டரை ஓட்டினால், தொட்டியின் அழுத்தம் 120 பிஎஸ்ஐயிலிருந்து 90க்கு இறங்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகும். அதன் பிறகு சாண்டரின் வேகம் தளர்ந்து, உப்புத்தாள் வெட்டுவதை விட்டுவிட்டுப் பட்டியின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். 5 குதிரைத்திறன் இருந்தால் ஒரு சாண்டரைத் தாராளமாக ஓட்டலாம். ஆனால் அதற்கு மும்முனை மின்சார இணைப்பு வேண்டியிருக்கும். அந்த வசதி இல்லாத பட்டறைக்கு நல்ல மின்சாரச் சாண்டரையே பரிந்துரைப்பேன். தவிர, கால் அங்குல ஹோஸைக் கழற்றிவிட்டு உள்விட்டம் 3/8 அங்குலமுள்ள ஹோஸ் போடாமல் எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் பயனில்லை.

சாண்டரில் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஆர்பிட் அளவு, அதாவது அது அசையும் சிறு வட்டத்தின் அகலம். 5 மி.மீ. ஆர்பிட் பட்டியை வேகமாக வெட்டும். 80, 180 எண் தாள்களுக்கும், சர்ஃபேசரின் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் 320 போடுவதற்கும் அதுவே போதும். 2.5 மி.மீ. ஆர்பிட் பெயின்ட்டுக்கு முந்தைய நுண்மையான தேய்ப்புக்கு உரியது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 மி.மீ. வாங்கலாம், கடைசித் தேய்ப்பை வாட்டர் பேப்பரால் கையாலேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்றாயிரம் ரூபாய்ச் சாண்டருக்கும் அதைப் போலப் பல மடங்கு விலையுள்ளதற்கும் உள்ள வேறுபாடு, ஃபெண்டரில் பழைய பெயின்ட்டின் விளிம்பைச் சரிக்கும்போது நன்றாகத் தெரியும். நல்ல சாண்டரில் தகடு, பிரைமர், பெயின்ட் என ஒவ்வோர் அடுக்கும் விரற்கடை அகல வளையமாக விரிந்து, விரலால் தடவினால் படியே தட்டுப்படாது. மலிவுச் சாண்டரில் எடைச் சமன் சரியில்லாததால் கை அதிர்கிறது. அதிரும் கை தன்னை அறியாமல் அழுத்துகிறது. அழுத்தினால் பேட் (தாளை ஒட்டும் அடித்தட்டு) சுழல்வது நின்று வெறும் அதிர்வாகிவிடுகிறது. அதன் வெல்க்ரோவும் சூட்டில் சீக்கிரம் பிடிப்பை இழந்தது. இங்கர்சால் ராண்டின் 311ஏ போன்ற 6 அங்குல, 12,000 ஆர்பிஎம் வகைச் சாண்டர்களில் விசையை மெல்ல அழுத்தி வேகத்தைக் கூட்டிக்கொள்ள முடிவது, பேட்டைத் தகட்டில் வைத்துவிட்டுத் தொடங்குபவருக்குப் பெரிய வசதி. தாளின் ஓட்டைகளும் பேட்டின் ஓட்டைகளும் பொருந்துகின்றனவா என்பதையும் கடையிலேயே வைத்துப் பார்த்துவிட வேண்டும். மிர்க்காவின் வலைத்தாளில் தூசி வலைக்கண்கள் வழியாகவே இறங்கிவிடுவதால் அந்தக் கவலை இல்லை. விலைதான் நம்மூர்ப் பட்டறைகளுக்குச் சற்று அதிகம்.

கிரைண்டரைப் பொறுத்தவரை காற்றுக் கருவிக்கே என் ஓட்டு. கார்த் தகட்டின் தடிமன் ஏறத்தாழ 0.7, 0.8 மி.மீ.தான், 4 அங்குல மின்சார கிரைண்டரை வெல்டிங் மேட்டின் மேல் கொஞ்சம் அதிக நேரம் வைத்தாலும் தகடு நீலம் பாரித்து நெளிந்துவிடும். 2 அங்குல டிஸ்க் போட்ட காற்று ஆங்கிள் கிரைண்டர் 20,000 ஆர்பிஎம் ஓடினாலும், தொடும் பரப்பு சிறிது என்பதால் வேண்டிய மேட்டை மட்டும் சீவி எடுக்கலாம்; சக்கர வளைவின் உட்புறத்திலும் அது நுழையும். போடும் டிஸ்கின் மேல் எழுதியிருக்கும் உச்ச வேகம் கருவியின் வேகத்தை விடக் கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். இதில் சமரசம் கூடாது. ஏர் ஃபைல் வேன், பஸ் பக்கத் தகடுகளுக்கு உதவும். கார் மட்டும் பார்க்கும் பட்டறைக்கு உப்புத்தாள் சுற்றிய நீண்ட கைக்கட்டையே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தண்ணீர் சேருவதை அன்றாடம் திறந்துவிட வேண்டும். சித்திரை வெயிலிலும் இதில் அசட்டை கூடாது. சூடாக வெளிவரும் காற்று ஈரத்தை ஹோஸ் வரை சுமந்துவந்து அங்கேதான் குளிர்கிறது. கருவியின் உள்ளே காற்றால் சுழலும் வேன்கள் (சிறு தகடுகள்) துருவில் சிக்கிவிட்டால் விசையை அழுத்தியும் அசையாது. தினமும் காலையில் காற்று நுழையும் வாயில் நான்கைந்து சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டால் போதும். இதற்கென லைனில் லூப்ரிகேட்டர் (காற்றோடு எண்ணெய் கலந்துவிடும் சாதனம்) பொருத்துவதாக இருந்தால், ஸ்ப்ரே கன்னுக்கு வேறு ஹோஸ் ஒதுக்கியே ஆக வேண்டும். எண்ணெய் தோய்ந்த ஹோஸில் பெயின்ட் அடித்தால் பானட் முழுவதும் சிறு குழிகளாக விழும்.

ஐந்தாறு கருவிகளை ஒரே பெட்டியில் அடுக்கித் தரும் செட்டுகளை வாங்க வேண்டாம். அவற்றில் பாதியைத் தொடவே மாட்டோம். சாண்டரின் வேனும் பேரிங்கும் தேய்ந்தால் தனியாகக் கிடைக்கவும் மாட்டா. அதே பணத்துக்கு நல்ல டிஏ சாண்டர் ஒன்றையும் மாற்றுப் பேட் ஒன்றையும் வாங்கி, அந்தச் சாண்டரின் வேன் செட் வேலூரிலோ சென்னையிலோ கிடைக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.