ஃப்ரீடைப் ரிவ்யூ: ண எது ன எதுன்னு இப்பதான் தெரியுது

லினக்ஸ்ல எழுத்து மங்கலா இருக்குன்னு திட்டிட்டு ஓடிப்போன ஆளு நான். 2009ல வாங்குன லேப்டாப், 1366க்கு 768 ஸ்கிரீன், அதுல தமிழ் படிச்சா ண, ன ரெண்டுலயும் சுழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மை கொட்டுன மாதிரி கிடக்கும். போன மாசம் அதே லேப்டாப்ல லினக்ஸை மறுபடி போட்டேன், பளிச்சுன்னு இருக்கு. ஸ்கிரீன் அதேதான்யா!

எழுத்தோட கோட்டு வடிவத்தைப் புள்ளியா மாத்துறது ஃப்ரீடைப் லைப்ரரி, உங்க ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் இதான் ஓடுது. நான் அப்போ இதைத் திட்டுனது அநியாயம்னு இப்பதான் புரியுது, ஏன்னா கோடிங் எல்லாம் ரெடியா இருந்துச்சு, ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. ட்ரூடைப் ஃபான்ட்டுக்குள்ள குட்டி ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கும், சின்ன சைஸ்ல எந்தக் கோடு எந்த பிக்சல்ல உக்காரணும்னு சொல்லும், அதை ஓட்டுற வித்தைக்கு ஆப்பிள் பேட்டன்ட் வாங்கி வச்சிருந்துச்சு. அதனால ஆட்டோஹின்டர்னு தானா குத்துமதிப்பா பண்ற ஒண்ணு எழுதி சமாளிச்சாங்க. 2010 மே மாசத்தோட பேட்டன்ட் முடிஞ்சுது, ஜூலைல வந்த 2.4ல டீஃபால்ட்டாவே ஆன்.

அடுத்த தலைவலி மைக்ரோசாஃப்டோட க்ளியர்டைப், எல்சிடில எழுத்தைக் கூர்மையா காட்டுற வித்தை. எல்சிடில ஒரு பிக்சல்னா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு பட்டை, இதான் சப்பிக்சல், அதைத் தனித்தனியா பயன்படுத்துனா அகலவாக்குல மூணு மடங்கு நுணுக்கம் கிடைக்கும், ஆனா எழுத்து ஓரத்துல கலர் கசியும், ஃபில்டர் போட்டு அதை அமுக்கணும், பேட்டன்ட் உக்காந்திருந்தது அங்கதான். ஃபெடோரா மாதிரி அமெரிக்கக் கம்பெனி பின்னாடி நிக்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோல அப்போ ஆன் பண்ணித் தர முடியல, ஆர்பிஎம் ஃப்யூஷன்னு வெளி தளத்துல போய் தனி பேக்கேஜ் எடுக்க வேண்டியிருந்துச்சு. நம்ம ஊர் பேட்டன்ட் சட்டத்துல 3(கே) பிரிவு வெறும் ப்ரோக்ராமுக்குப் பேட்டன்ட் கிடையாதுங்குது, ஆனா பேக்கேஜ் அமெரிக்காலேருந்துதான வந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2017ல 2.8.1ல வந்த ஹார்மனி. ஃபில்டரே வேணாம், ஒவ்வொரு கலருக்கும் எழுத்தை மூணுல ஒரு பங்கு பிக்சல் நகத்தி சாதாரணமா வரைஞ்சுடலாம்னு பண்ணிட்டாங்க பாருங்க, கில்லாடிங்க! 2019ல க்ளியர்டைப் பேட்டன்ட்டும் போயிடுச்சு.

குறையும் இருக்கு. செட்டிங் மாத்த, ஃபான்ட் அமைப்பைப் பாத்துக்குற ஃபான்ட்கான்ஃபிக்கோட எக்ஸ்எம்எல் ஃபைல்ல கை வைக்கணும், நான் ரெண்டு தடவ சொதப்புனேன். ஜிடிகே 4ங்கிற டூல்கிட்ல (பட்டன், ஜன்னல் வரையுற லைப்ரரி) எழுதுன ஆப் எல்லாம் சப்பிக்சலையே கழட்டி விட்டுட்டாங்க, அதுக்கு ஃப்ரீடைப் என்ன பண்ணும். 4கே ஸ்கிரீன்காரங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் தெரியாது.

5க்கு 4 தர்றேன். பழைய ஸ்கிரீன் வச்சிருந்தா ஹின்டிங் (கோட்டை பிக்சல்ல உக்கார வைக்கிறது) ஸ்லைட், சப்பிக்சல் ஆர்ஜிபி வச்சுப் பாருங்க, அப்பவும் ஓரத்துல கலர் கசிஞ்சா உங்க பேனல் பிஜிஆரா (கலர் வரிசை தலைகீழா) இருக்கும், மாத்தி வைங்க.