பழைய இசட்3-க்கு லெம்ஃபோர்டர் கியர்பாக்ஸ் மவுண்ட்: மாற்றிப் பார்த்த பிறகு

கியர் சரியாக விழவில்லை என்று ஷார்ட் ஷிஃப்டர் (கியர் லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் பாகம்) வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். கியர்பாக்ஸின் வால்பக்கத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு ரப்பர் மவுண்டுகளை முதலில் பாருங்கள். பழைய பிஎம்டபிள்யூ இசட்3 வைத்திருக்கும் யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான். என்னுடையது 1998 மாடல். 2.8 லிட்டர், ஆறு சிலிண்டர், ஐந்து கியர் மேனுவல். லெம்ஃபோர்டர் மவுண்ட் ஒரு ஜோடி, தபால் செலவு சேர்த்தும் 40 யூரோவுக்குள் முடிந்தது. இந்தக் காருக்கு நான் வாங்கிய எந்தப் பொருளும் இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தந்ததில்லை.

மாற்றுவதற்கு முன் கார் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் காரோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கியர் லீவர் ஒரு பக்கம் சாயும். காலை எடுத்தால் பழைய இடத்துக்கு வரும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் வளைவில் நல்ல வேகத்தில் திரும்பிக்கொண்டே மூன்றிலிருந்து நாலுக்குப் போட்டால், நாலாவது கியர் எப்போதும் இருக்கும் இடத்தில் இருக்காது. கை தேட வேண்டும். இது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து. அதிக ஆர்பிஎம்மில் நாலு என்று நினைத்துப் பின்னால் இழுத்து, அது இரண்டில் விழுந்துவிட்டால் எஞ்சின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வால்வு பிஸ்டனில் இடித்தால் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும்.

ரப்பர் தேய்ந்தால் லீவர் ஏன் ஆட வேண்டும்? இந்தக் காரில் லீவர் நேராக கியர்பாக்ஸின் மேல் உட்காரவில்லை. நீளமான ஒரு தாங்கி இருக்கிறது. அதன் முன்முனை கியர்பாக்ஸில் மாட்டியிருக்கும், பின்முனை காரின் பாடியில் ஒரு ரப்பர் புஷ்ஷில் நிற்கும். லீவர் அந்தத் தாங்கியின் மேல்தான் இருக்கிறது. கியர்பாக்ஸ் அசைந்தால் முன்முனை அதோடு போகும், பின்முனை பாடியோடு நின்றுவிடும். நடுவில் இருக்கும் லீவர் கோணிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அப்புறம் அந்த ரப்பர் தாங்கும் பாரத்தையும் பார்க்க வேண்டும். 2.8 எஞ்சினின் அதிகபட்ச டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 280 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 4.20. பெருக்கிப் பாருங்கள், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டில் கிட்டத்தட்ட 1,180 நியூட்டன் மீட்டர். அதே அளவு விசை எதிர்த் திசையில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது இரண்டு எஞ்சின் மவுண்டும் இரண்டு கியர்பாக்ஸ் மவுண்டும்தான். ஒவ்வொரு சிக்னலிலும் புறப்படும்போது இந்த இழுபறி நடக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் இதைத் தாங்கிய ரப்பர் ஓய்ந்துபோவதில் வியப்பில்லை.

ஆனால் என் காரில் இருந்தது அந்த வயதான ரப்பர்கூட அல்ல. முந்தைய சொந்தக்காரர் பெயரே இல்லாத ஏதோ மலிவு மவுண்டைப் போட்டிருந்தார். பில்லைப் பார்த்தால் வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. வெளியே எடுத்தபோது ஒன்றில் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டு ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்திருந்தது. இன்னொன்று ஆயிலில் ஊறி உப்பி, விரலால் அழுத்தினாலே குழிந்தது. கியரை மாற்றும் தண்டு கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் செலக்டர் ஷாஃப்ட் சீலில் கசிவு, அங்கிருந்து சொட்டியிருக்கிறது. இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். மேலே ஆயில் கசிவு இருக்கும்போது எவ்வளவு நல்ல மவுண்ட் போட்டாலும் கெட்டுப்போகும். நான் முதலில் சீலை மாற்றச் செய்தேன், அதன் பிறகுதான் புது மவுண்டை டப்பாவிலிருந்து எடுத்தேன்.

லெம்ஃபோர்டர் என்பது இசட்எஃப் குழுமத்தின் பிராண்ட். சஸ்பென்ஷன் பாகங்களிலும் ரப்பர் பாகங்களிலும் ஜெர்மன் கார்க்காரர்கள் நம்பி வாங்கும் பெயர். கையில் எடுத்தவுடன் வித்தியாசம் தெரிந்தது. ரப்பர் தகட்டைச் சந்திக்கும் விளிம்பு ஒரே சீராக இருந்தது. பிசிறோ இடைவெளியோ இல்லை, ஸ்டட் இரண்டும் நேராக நின்றன. ரப்பரில் பதித்திருக்கும் தயாரிப்பு தேதி முத்திரையையும் பார்த்தேன், சமீபத்தியதுதான். ரப்பர் பாகம் வாங்கும் எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும். கடை அலமாரியில் பல வருடம் கிடந்த ரப்பர் பயன்படுத்தாமலேயே வயதாகிவிடும். ஒரு குறை உண்டு: டப்பாவில் நட்டு வரவில்லை. செல்ஃப் லாக்கிங் நட்டைத் தனியாக வாங்கினேன். பழைய நட்டையே திரும்பப் போடாதீர்கள்.

பாலியூரித்தேன் மவுண்ட் போடலாமே என்று கேட்பீர்கள். நண்பர் ஒருவர் காரில் 95 ஷோர் ஏ (ரப்பர் போன்ற பொருட்களின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கடினத்தில் போட்டிருக்கிறார், அதை நான் ஓட்டியிருக்கிறேன். கியர் விழும் விதம் அற்புதம், துப்பாக்கி போல்ட் இழுத்த மாதிரி. ஆனால் ஐட்லிங்கில் சீட் வரைக்கும் அதிர்வு வருகிறது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் கியர்பாக்ஸின் ஊளைச் சத்தம் உள்ளே கேட்கிறது. ட்ராக்குக்குப் போகிற காருக்கு அது சரி. நான் ஞாயிற்றுக்கிழமை மேல்கூரையைத் திறந்துவிட்டு சாவர்லாண்ட் மலைப்பாதைகளில் ஓட்டுகிறவன். எனக்கு ரப்பர் போதும். இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மனியில் 30 வயது ஆன கார், மூல நிலையில் நன்றாக இருந்தால் பழங்காலக் காருக்கான ஹெச் நம்பர் பிளேட் கேட்கலாம். என் காருக்கு 2028-ல் அந்த வயது வருகிறது. அதுவரை கம்பெனியிலிருந்து வந்தபடியே வைத்திருக்க ஆசை.

வேலை கடினமல்ல, ஆனால் அவசரப்படக் கூடாது. காரை லிஃப்டில் ஏற்றி, கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் மவுண்டுகள் உட்காரும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரைக் கழற்ற வேண்டும். மவுண்டின் மேல் நட்டுகளுக்கு 13 எம்எம் ராட்செட் ஸ்பேனர் இல்லாமல் போகாதீர்கள், சாக்கெட் நுழையும் இடம் அல்ல அது. கியர்பாக்ஸின் வாலைத் தேவைக்கு மேல் இறக்கவே கூடாது. அது இறங்கினால் எஞ்சினின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ரேடியேட்டர் ஃபேன் அதன் மூடியில் போய் இடிக்கும். நட்டுகளை முதலில் கையால் மட்டும் ஏற்றி, ஜாக்கை மெல்ல இறக்கி, கியர்பாக்ஸின் முழு எடையும் மவுண்டில் உட்கார்ந்த பிறகு கடைசியாக முறுக்க வேண்டும். எம்8 நட்டுக்கு 21 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான். தூக்கிய நிலையிலேயே முறுக்கிவிட்டால் ரப்பர் நிரந்தரமாகக் கோணலாக நிற்கும், புது மவுண்டின் ஆயுள் அங்கேயே குறைந்துவிடும்.

பலன்? லீவர் இப்போது ஆடுவதில்லை. சாலையில் ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தேன், குமிழ் நின்ற இடத்தில் நிற்கிறது. மூன்றிலிருந்து நாலு, எந்த வளைவிலும் நேராகப் பின்னால் விழுகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்ட டக் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முழுக்கப் போகவில்லை, மீதி டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) பக்கத்திலிருந்து வருகிறது. இசட்3-ன் பின்பக்க அமைப்பு அதற்கும் முந்தைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸான இ30 தலைமுறையிலிருந்து வந்தது. டிஃபரென்ஷியல் மூடி பின்னால் ஒரே ஒரு காதில்தான் தொங்குகிறது. அந்த இடத்தில் டிக்கியின் தரைத் தகட்டில் ஸ்பாட் வெல்ட் விட்டுப்போவது இந்தக் காரின் பெரிய பலவீனம். எனவே டக் சத்தம் கேட்டால் கியர்பாக்ஸ் மவுண்டோடு நிறுத்தாமல், டிக்கி விரிப்பைத் தூக்கி வெல்டையும் பார்த்துவிடுங்கள். மவுண்டை மாற்றிய அதே நாளில் நான் பார்த்தேன். என் காரில் வெல்ட் நன்றாக இருக்கிறது, டிஃபரென்ஷியல் ரப்பர் மட்டும் தளர்ந்திருக்கிறது.

கடைசியாக, வேலை செய்த இடம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங்கில் ஸ்பேனரைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் டோர்ட்மண்ட் பக்கத்தில் மணிக்கணக்கில் லிஃப்டை வாடகைக்கு விடும் ஒரு பட்டறைக்குப் போனேன். இரண்டு தூண் லிஃப்ட் மணிக்கு 20 யூரோ, கியர்பாக்ஸ் ஜாக் அதற்குள் சேர்த்தி. டார்க் ரெஞ்சுக்கு மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். அங்கே எப்போதும் ஒரு மூத்த மெக்கானிக் இருக்கிறார். கேட்டால் வந்து பார்ப்பார், கேட்காமல் மூக்கை நுழைக்க மாட்டார். நான் கியர்பாக்ஸைத் தாங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, ஜாக்கின் தலை ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, கட்டையைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே வாடகை தகும். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, தரை சுத்தம், சிந்திய ஆயிலுக்குத் தூள் தயாராக வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை என்றால் இரண்டு வாரம் முன்பே லிஃப்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வார நாட்களில் மாலை ஐந்துக்கு முன் நேராகப் போனாலே கிடைக்கும்.