ஹிமாலயன் 411: டயரும் ப்ரீலோடும் செய்யும் வேலை

ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 பைக்கைச் சில வருஷமாக ஓட்டுகிறேன். பெரும்பாலும் சென்னை-சேலம் நெடுஞ்சாலை, லீவு கிடைத்தால் கொல்லிமலை, வால்பாறை. இன்ஜினைப் பற்றி எல்லாரும் எழுதியாச்சு, அதனால் வண்டி திரும்பும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முன்சக்கரம் 21 இன்ச், பின்னால் 17. முன்சக்கரம் பெரிசு என்பதால் குழி, மேடு எதற்கும் அசராமல் நேராகப் போகும். ஆனால் வளைவில் சட்டென்று சாயாது, ஹேண்டிலைக் கொஞ்சம் தள்ளித்தான் சாய்க்க வேண்டும். அது வண்டியின் குணம், பழகிவிடும்.

பழகவே முடியாதது தேய்ந்த டயர். நெடுஞ்சாலையிலேயே ஓடினால் பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகிவிடும், ஓரத்துப் பட்டன் (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) புதுசு மாதிரியே நிற்கும், அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் ஓடும் சார்' என்பார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே ஏறும்போது குட்டு வெளிப்படும்: சாய்த்தால் முதலில் முரண்டு பிடிக்கும், தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் பொத்தென்று உள்ளே விழும். சஸ்பென்ஷன் போய்விட்டது என்றார் ஒரு மெக்கானிக். டயரை மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது.

அடுத்தது சுமை. பின் ஷாக்கில் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைப்பது என்பதை மட்டும்தான் மாற்ற முடியும், ஆனால் அது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும். தனியாக ஓட்டும் செட்டிங்கிலேயே பின்சீட்டில் மனைவி, டாப் பாக்ஸ் நிறைய சாமான் என்று கிளம்பினால் பின்பக்கம் அமுங்கி, ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) இன்னும் சாய்வாகி, முன்சக்கரத்தில் எடை குறைந்துவிடுகிறது. அப்புறம் வளைவில் வண்டி வெளிப்பக்கமாகவே இழுக்கும், 90-ல் போகும்போது ஆம்னி பஸ் கடந்த காற்றில் பின்பக்கம் மெல்ல ஆடும். ப்ரீலோடைக் கூட்டி, கனமான சாமானைப் பெட்ரோல் டேங்க் மேல் வைக்கும் டேங்க் பேக்குக்கு மாற்றியதும் ஆட்டம் போயே போச்சு. தனியாகத் திரும்பும்போது குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் நேரே முதுகுக்கு வரும்.

ஏர் விஷயத்தில் பஞ்சர் கடையை நம்புவதில்லை. இரண்டு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள். முன்னால் கூடிவிட்டால் ஈர ரோட்டில் பிடிப்பே தெரியாது, குறைந்தால் ஹேண்டில் கனக்கும். காலையில் டயர் சூடாகும் முன் சொந்த கேஜில் பார்ப்பதோடு சரி.

டயர், ஏர் எல்லாம் சரியாக இருந்தும் நேர் ரோட்டிலேயே வண்டி அலைந்தால் கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கைப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினால் போதும். நடுவில் 'டக்' என்று உட்கார்ந்தால் பேரிங் ஓடுபாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த முறையும் தார் ரோட்டுக்கான டயரே போடுவேன். பெரிய பட்டன் டயர் பார்க்க கெத்துதான், மண் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் சரியும்கூட. மழையில் வால்பாறை இறங்குகிற எனக்கு வேண்டாம்.